பத்துக் கையெழுத்து, பதின்மூன்று நாள்: சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சை

எந்தக் கட்சியின் சீட்டும் இல்லாமல் தன் பெயரை மட்டும் நம்பித் தேர்தலில் நிற்பவர் சுயேச்சை வேட்பாளர். சட்டமன்றத்துக்குப் போட்டியிட ஒருவரிடம் சட்டம் கேட்கும் தகுதிகள் மிகக் குறைவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், வேட்புமனு பரிசீலனை நாளன்று 25 வயது முடிந்திருக்க வேண்டும், அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 173-ஆவது பிரிவு. மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும் என்கிறது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஓசூரில் ஓட்டு உள்ளவர் கன்னியாகுமரியில் நிற்கலாம். படிப்பு எவ்வளவு, சொத்து எவ்வளவு என்பதெல்லாம் தகுதிக் கணக்கில் வராது. கட்சி என்பதும் அந்தப் பட்டியலில் இல்லை. 1985-இல் கட்சித் தாவல் தடைக்கான பத்தாவது அட்டவணை சேர்க்கப்படும் வரை, அரசியல் கட்சி என்ற பேச்சே அரசியல் சட்டத்தில் கிடையாது.

தடைகள் சில உண்டு. அரசுப் பணியில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அரசோடு நேரடி ஒப்பந்த வேலை பாக்கி இருந்தாலோ, குற்றவழக்கில் இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றிருந்தாலோ நிற்க முடியாது. அந்தத் தண்டனைக்காரர் விடுதலையான பிறகும் 6 ஆண்டு காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 தாழ்த்தப்பட்டோருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அங்கே நிற்பவர் சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டும்.

தேர்தல் அறிவிக்கை வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் வேட்புமனு தாக்கல் செய்ய வேண்டும். காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை மட்டுமே வாங்குவார்கள். விடுமுறை நாளில் வாங்க மாட்டார்கள். கட்சிக்காரருக்கும் சுயேச்சைக்கும் முதல் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒரே ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சையை 10 பேர் முன்மொழிய வேண்டும். பத்துப் பேரும் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண் எல்லாம் சரியாக எழுதி, பத்துப் பேரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் வேட்புமனுக்கள் அதிகம் சறுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. 2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் சுயேச்சையாக மனு கொடுத்தார். அவரை முன்மொழிந்தவர்களில் இருவர், அந்தக் கையெழுத்து தங்களுடையது இல்லை என்று மறுத்ததைக் காரணமாகக் காட்டி மனு நிராகரிக்கப்பட்டது. ஊரறிந்த நடிகருக்கே இந்த நிலை என்றால், மற்றவர்கள் சரியாகப் பத்துப் பேரோடு நின்றுவிடாமல், கூடுதலாகச் சிலரை வைத்து இன்னொரு மனுவும் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். ஒரே தொகுதிக்கு ஒருவர் நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம். டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும்.

மனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் சேர வேண்டும். சொத்து, கடன், வருமான வரிக் கணக்கு, நிலுவையில் உள்ள வழக்குகள், கல்வித் தகுதி, மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் பெயரில் உள்ளவை எல்லாம் அதில் வரும். வேட்பாளர்கள் இவற்றை வெளியிட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2002-இலும் 2003-இலும் அளித்த தீர்ப்புகளால் வந்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. சொத்தே இல்லை என்றாலும் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். கோடு போட்டு விடக் கூடாது. கட்சி வேட்பாளருக்கு இதையெல்லாம் கட்சியின் வழக்கறிஞர் அணி பார்த்துக்கொள்ளும். சுயேச்சை நோட்டரியைத் தேடி அலைய வேண்டும். வழக்கு உள்ளவருக்கு இன்னொரு செலவும் உண்டு: 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, தன் மேல் உள்ள வழக்குகளைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரமாக வெளியிட வேண்டும்.

டெபாசிட் தொகை சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 5,000. இதை மூட்டை மூட்டையாகச் சில்லறைக் காசாகக் கொண்டுவந்து கொட்டுவது தமிழ்நாட்டுச் சுயேச்சைகளிடம் ஏறக்குறைய ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மேஜைமேல் நாணயங்கள் குவிய, ஊழியர்கள் உட்கார்ந்து எண்ண, மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். செலவில்லாத விளம்பரம் அது ஒன்றுதான் என்பதால் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இந்தத் தொகை ஒரு காலத்தில் 250 ரூபாயாக இருந்தது. அது உயர்ந்ததற்குக் காரணமான ஆண்டு 1996. அந்த ஆண்டு ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சியில், தங்கள் கோரிக்கைகள் கவனிக்கப்படவில்லை என்ற எதிர்ப்பைக் காட்ட விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு கொடுத்தார்கள். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டு ஒரு தாளில் அடங்காமல் புத்தகமாக அச்சடிக்கப்பட்டது. தேர்தலே தள்ளிவைக்கப்பட்டுப் பிறகு நடந்தது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். ஒரு வாக்குகூட விழாத வேட்பாளர்கள் பலர். அவர்கள் தங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். நாடு முழுவதும் அதே கதைதான். 1996 மக்களவைத் தேர்தலில் 13,952 பேர் நின்றார்கள். அதில் பத்தாயிரத்துக்கும் மேல் சுயேச்சைகள். அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு டெபாசிட் உயர்ந்தது, பத்து முன்மொழிவோர் விதி வந்தது, ஒருவர் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது என்றும் ஆனது. 1998 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை 4,750-ஆகச் சுருங்கியது. ஆனாலும் மொடக்குறிச்சி வழி முழுதாக அடைபடவில்லை. 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் மஞ்சள் விவசாயிகள் அதே வழியில் இறங்க, 185 பேர் களத்தில் நின்றார்கள்.

மனுத்தாக்கல் முடிந்த மறுநாள் பரிசீலனை. அதற்கு இரண்டாம் நாள் வாபஸ் வாங்கக் கடைசி நாள். அன்று மூன்று மணிக்குப் பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கிடைக்கும். சுயேச்சையின் தலையெழுத்து பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

1968-ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி, அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு நிரந்தரச் சின்னம் உண்டு. மற்றவர்கள் தேர்தல் ஆணையம் வெளியிடும் பொதுச் சின்னங்களின் பட்டியலிலிருந்து மூன்றை வரிசைப்படுத்தி மனுவிலேயே எழுதித் தர வேண்டும். குக்கர், தொப்பி, பலாப்பழம், தையல் இயந்திரம், கேஸ் சிலிண்டர் என்று வீட்டுச் சாமான் கடை மாதிரி நீளும் பட்டியல் அது. ஒரே சின்னத்தை இருவர் கேட்டால், பதிவுபெற்ற கட்சிக்காரருக்கு முன்னுரிமை. இருவரும் சுயேச்சை என்றால் குலுக்கல். உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும் மக்களிடம் பல தலைமுறைப் பழக்கம் இருக்கிறது. சுயேச்சைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதை 2021 தேர்தல் அட்டவணையை வைத்துப் பார்க்கலாம். மார்ச் 12 அறிவிக்கை, 19 மனுத்தாக்கல் முடிவு, 22 வாபஸ் கடைசி நாள். ஏப்ரல் 4 மாலை 7 மணியோடு பிரசாரம் ஓய்ந்தது. 6-ஆம் தேதி வாக்குப்பதிவு. 22-ஆம் தேதி மாலை சின்னம் வாங்கிய சுயேச்சைக்கு, 23-இல் இருந்து கணக்குப் போட்டால் 13 நாள். இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர் உள்ள ஒரு தொகுதியில், நாளொன்றுக்குப் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் அந்தச் சின்னத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் எல்லோர் கண்ணிலும் ஒருமுறையாவது படும். நோட்டீஸ் அடிக்கவும் போஸ்டர் ஒட்டவும் அதற்குள்தான். ஒவ்வொரு நோட்டீஸிலும் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர் இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

வாக்குப்பதிவு இயந்திரத்திலும் சுயேச்சைக்குக் கடைசி வரிசைதான். பெயர்களை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது சட்டம்: முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் அகரவரிசை. ‘அ’வில் பெயர் தொடங்கினாலும் சுயேச்சை முதலிடத்துக்கு வர முடியாது. ஒரு இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பெயர் அடங்கும். 2021-இல் கரூரில் 77 பேர் நின்றதால் ஐந்து இயந்திரங்களை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. நான்காவது இயந்திரத்தின் நடுவில் இருக்கும் ஒரு பெயரைத் தேடிப்பிடித்து அழுத்த வாக்காளருக்கு உறுதியான காரணம் வேண்டும். 2015 முதல் பெயரோடு புகைப்படமும் இருப்பது ஓரளவு உதவி. பெயர்க் குழப்பத்துக்கு அது அவசியமும்கூட. 2024 மக்களவைத் தேர்தலில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் ராமநாதபுரத்தில் பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரில் வேறு சிலரும் அங்கே நின்றார்கள். அப்படியும் அவர் மூன்று லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கி இரண்டாமிடம் வந்தார்.

செலவு விஷயத்தில் சட்டம் பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கிறது. தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம். 2022 ஜனவரியில் வந்த உச்சவரம்பு இது. ஆனால் வரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களை அறிவிக்கலாம். அவர்கள் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. சுயேச்சைக்கு அப்படி ஒருவர்கூடக் கிடையாது. கட்சிக்காரருக்கு வாக்காளர் பட்டியல் இலவசமாக வரும், சுயேச்சை காசு கொடுத்து வாங்க வேண்டும். வானொலியிலும் தூர்தர்ஷனிலும் இலவசப் பேச்சு நேரம் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே. தேர்தலுக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்துவிட்டால் வாக்குப்பதிவைத் தள்ளிவைப்பார்கள். சுயேச்சை இறந்தால் தேர்தல் அதன்பாட்டுக்கு நடக்கும்.

கணக்கு எழுதுவதில் மட்டும் யாருக்கும் சலுகை இல்லை. தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, அதன் வழியாகவே செலவழிக்க வேண்டும். அலுவலகத்தில் தரும் செலவுப் பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். ஒரு டீ எவ்வளவு, பிளாஸ்டிக் நாற்காலி நாள் வாடகை எவ்வளவு, சாப்பாட்டுப் பொட்டலம் எவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப் பட்டியலே போட்டுத் தருவார். வேட்பாளர் அதைவிடக் குறைத்து எழுதினால், கண்காணிப்புக் குழு வைத்திருக்கும் நிழல் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கேள்வி வரும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். தகுந்த காரணமின்றித் தவறினால் 3 ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்கத் தடை விதிக்கலாம். ‘எப்படியும் தோற்றாயிற்றே’ என்று வீட்டில் இருந்துவிட்டு இந்தத் தடையில் மாட்டிக்கொள்பவர்களில் சுயேச்சைகள் நிறைய.

பணத்தைவிடவும் சுயேச்சைக்குப் பஞ்சம் ஆட்கள்தான். ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்குச்சாவடிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் காலை மாதிரி வாக்குப்பதிவிலிருந்து இயந்திரத்துக்கு சீல் வைக்கும்வரை உட்கார பூத் ஏஜெண்ட் வேண்டும். மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதிய 17சி படிவத்தின் நகலை வாங்கிவர வேண்டியவர் அவர்தான். வாக்கு எண்ணும் இடத்திலும் மேஜைக்கு ஒருவர் வேண்டும். கிளைச் செயலாளர் என்று ஊருக்கு ஒருவர் இல்லாதவர் இத்தனை பேரை எங்கிருந்து திரட்டுவது? இதே காரணத்துக்காகத்தான் சில சமயம் பெரிய கட்சிகளே ஆள்வைத்து டம்மி சுயேச்சைகளை நிறுத்துகின்றன. அந்த ஆளின் பெயரில் கூடுதல் ஏஜெண்ட், கூடுதல் வண்டி என்று அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. சுயேச்சை என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்ததில் இந்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். இரண்டு லட்சம் செல்லுபடியான வாக்கு என்றால் குறைந்தது 33,334 வேண்டும். நோட்டாவுக்கு விழுந்தவை இந்தக் கணக்கில் சேராது. பெரும்பாலான சுயேச்சைகள் அந்தப் பக்கமே போவதில்லை. மேட்டூர்க்காரரான டயர் கடைக்காரர் கே.பத்மராஜன் 1988 முதல் இருநூறு தேர்தலுக்கு மேல் நின்று, தோற்பதையே ஒரு சாதனையாக்கிக்கொண்டார். அவர் வாங்கிய மிக அதிக வாக்கு 2011-இல் மேட்டூரில் கிடைத்த 6,273.

வென்றவர்களும் இருக்கிறார்கள். 1957-இல் காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணாவும் குளித்தலையில் வென்ற கருணாநிதியும் அங்கீகாரம் பெறாத கட்சியின் ஆட்கள் என்பதால் தேர்தல் ஆணையத்தின் கணக்கில் சுயேச்சைகள்தான். அண்மைக் காலத்தில் கிடைப்பது ஒன்றிரண்டு பேர். 2006-இல் தளி தொகுதியில் டி.ராமச்சந்திரன் சுயேச்சையாக வென்றார். பிறகு இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளராக அங்கேயே வென்றார். 2011, 2016, 2021 பொதுத்தேர்தல்கள் மூன்றிலும் தமிழ்நாட்டில் ஒரு சுயேச்சையும் ஜெயிக்கவில்லை. இடையில் 2017 ஆர்.கே.நகரில் டி.டி.வி.தினகரன் குக்கர் சின்னத்தில் 89,013 வாக்கு வாங்கி, இரட்டை இலையை 40,707 வாக்கில் தோற்கடித்தார், தி.மு.க.வுக்கு டெபாசிட் போனது. ஆனால் அவருக்குப் பின்னால் பிளவுபட்ட கட்சியின் ஒரு பெரும்பகுதியே நின்றது. கேரளத்தில் முன்னணிகளே ஆதரவு கொடுத்துச் சுயேச்சைகளை நிறுத்துவதுண்டு. இந்த வெற்றிகளில் பலவற்றுக்குப் பின்னால் ஏதோ ஒரு அமைப்பு இருக்கிறது. தனி மனிதர் தன் பெயரை மட்டும் வைத்து வென்றது அபூர்வம். சுயேச்சையாக நிற்க ஆசைப்படுகிறவர் டெபாசிட் பணத்தைத் தேடுவதற்கு முன்னால் பூத்துக்கு ஒருவரைத் தேடுவது நல்லது.

வென்று உள்ளே போனால் சுயேச்சைக்கு ஒரு விசித்திரமான சுதந்திரம் கிடைக்கிறது. கட்சிக் கொறடா அவரைக் கட்டுப்படுத்த முடியாது. எந்த அரசையும் ஆதரிக்கலாம், அந்த ஆதரவை விலக்கிக்கொள்ளலாம். 2024 மே மாதம் ஹரியானாவில் மூன்று சுயேச்சைகள் ஆளும் பா.ஜ.க. அரசுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். ஜார்க்கண்டில் ஜகன்னாத்பூர் தொகுதியின் சுயேச்சை மது கோடா 2006-இல் முதலமைச்சராகவே ஆகி, 2008 வரை பதவியில் இருந்தார். ஆனால் கட்சியில் சேருவது மட்டும் கூடாது. பத்தாவது அட்டவணையின்படி, சுயேச்சையாக வென்றவர் அதன் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். கேரளத்தின் நிலம்பூரில் இடதுசாரி ஆதரவு சுயேச்சையாக வென்ற பி.வி.அன்வர், திரிணமூல் காங்கிரஸில் சேர்ந்ததும் 2025 ஜனவரியில் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தது இதனால்தான். அங்கே ஜூனில் இடைத்தேர்தல் நடந்தது.

சுயேச்சைகள் போட்டியிடுவதையே தடை செய்யலாம் என்று 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. டம்மி வேட்பாளர்களையும் நீளும் வாக்குச்சீட்டையும் பார்க்கும்போது அந்த எரிச்சல் புரிகிறது. ஆனால் கட்சி சீட்டு கிடைக்காதவனுக்கும், எந்தக் கட்சியையும் ஏற்காதவனுக்கும், மொடக்குறிச்சி விவசாயி மாதிரி கோபத்தைக் காட்ட வேறு வழி தெரியாதவனுக்கும் இருக்கும் கதவை, சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக அடைப்பது சரியில்லை. நாடாளுமன்றம் அந்தப் பரிந்துரையைச் சட்டமாக்கவில்லை.